கிரேஸ் அண்ட் ஃபிராங்கி: பார்க்கத் தொடங்கியவர்களும் பாதியில் விட்டவர்களும் கேட்கும் கேள்விகள்

கிரேஸ் அண்ட் ஃபிராங்கி என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை யாரிடம் பார்க்கச் சொன்னாலும் கொஞ்ச நாளில் ஒரு சந்தேகத்தோடு திரும்பி வருவார்கள். சிலர் நாலு எபிசோடோடு நிறுத்திவிட்டு, மேலே பார்க்கலாமா என்று கேட்பார்கள். சிலர் முழுவதும் பார்த்துவிட்டு, முடிவைப் பற்றிச் சண்டைக்கு நிற்பார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கதைப் போக்கு ஆங்காங்கே வெளிப்படும். பெரிய திருப்பங்கள் கடைசி மூன்று கேள்விகளில் இருக்கின்றன. தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

இது என்ன கதைங்க? வயசான ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்ல இருக்காங்க, அவ்வளவுதானா?

கதை நடப்பது அமெரிக்காவின் சான் டியாகோவில். கிரேஸ் ஹான்சன் அழகுசாதன நிறுவனம் நடத்தி ஓய்வு பெற்றவர். புடவையாக இருந்தால் மடிப்புக் கலையாது என்போமே, அந்த மாதிரி ஆள். ஃபிராங்கி பெர்க்ஸ்டீன் ஓவியம் வரைபவர், கற்றுத் தருபவர், கஞ்சா புகைப்பவர், ஊர் உலகத்துக்காகக் கவலைப்படுபவர். இவர்களுடைய கணவர்கள் ராபர்ட்டும் சாலும் விவாகரத்து வக்கீல்கள், ஒரே அலுவலகத்தின் பங்குதாரர்கள். மனைவிகள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் ஆகவே ஆகாது. முதல் எபிசோடிலேயே ஓர் உணவகத்தில் வைத்து கணவர்கள் விஷயத்தைப் போட்டு உடைக்கிறார்கள். அவர்கள் இருவரும் 20 வருடமாகக் காதலர்கள். இப்போது மனைவிகளை விட்டுவிட்டுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள்.

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக ஒரு கடற்கரை வீடு இருக்கிறது. தனியாக இருந்து அழலாம் என்று கிரேஸ் அங்கே போக, அதே எண்ணத்தோடு ஃபிராங்கியும் வந்து நிற்கிறார். கதை அங்கிருந்து ஓடுகிறது. விவாகரத்தில் தொடங்கினாலும் இது விவாகரத்துக் கதை இல்லை. தாங்களாகத் தேடிப் போயிருந்தால் ஒருவரை ஒருவர் ஒருநாளும் தேர்ந்தெடுத்திருக்காத இரண்டு பேரின் நட்பைப் பற்றியது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுதான் என் பதிலின் அடிப்படை.

மொத்தம் எத்தனை எபிசோட்? பாத்து முடிக்க முடியுமா?

7 சீசன், 94 எபிசோட். முதல் ஆறு சீசன்களில் தலா 13, கடைசியில் 16. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். நெட்ஃபிக்ஸில் 2015 மே 8 அன்று தொடங்கி 2022 ஏப்ரல் 29 அன்று முடிந்தது. ஒவ்வொரு எபிசோடும் தனிக்கதை இல்லை, ஒன்றில் விட்ட இடத்தில் அடுத்தது தொடங்கும். அதனால் நடுவில் எங்கேயாவது புகுந்து பார்த்தால் ஒட்டாது.

நாலு எபிசோட் பாத்துட்டேன், சிரிப்பே வரலையே. காமெடின்னுதான சொன்னீங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் சொல்வதில் தப்பில்லை. முதல் சீசனின் முதல் பாதியில் சோகம்தான் தூக்கலாக இருக்கிறது. நாற்பது வருடத் திருமண வாழ்க்கை ஒரே ராத்திரியில் போய்விட்டது. அந்த அடியைத் தொடர் அவசரமாகத் தாண்டுவதில்லை. கிரேஸ் அழுவதில்லை, ஃபிராங்கி அழுவதை நிறுத்துவதில்லை. பார்ப்பவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தயக்கம் வருவது இயல்பு.

இன்னொரு காரணமும் உண்டு. ஆரம்ப எபிசோடுகளில் இருவரும் பெரும்பாலும் தனித்தனியாக, அவரவர் பிள்ளைகளோடும் முன்னாள் கணவரோடும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தொடரின் நகைச்சுவை இருவரும் ஒரே அறையில் இருந்தால்தான் பிறக்கிறது. எழுதியவர்களுக்கே அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது போலத் தெரிகிறது. இரண்டாம் சீசனில் இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. பாதி வாக்கியத்தில் ஒருவரை ஒருவர் வெட்டுவதும், கோபித்துக்கொண்டு போனவர் வாசலில் இருந்தே திரும்பி வருவதும் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

மூன்றாம் எபிசோடில் ஒரு கடையில் நடக்கும் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். சிகரெட் வாங்க இருவரும் கவுண்டரில் நிற்கிறார்கள். கடைக்காரர் இவர்களைக் கண்டுகொள்ளாமல் ஓர் இளம்பெண்ணைக் கவனிக்கப் போய்விடுகிறார். எதற்கும் நிதானம் தவறாத கிரேஸ் அங்கே வெடிக்கிறார். வெளியே வந்த பிறகு ஃபிராங்கி நிதானமாகச் சிகரெட்டை எடுக்கிறார், காசு கொடுக்காமல் கொண்டு வந்தது. யாரும் நம்மைப் பார்ப்பதே இல்லை என்றால் அதுவும் ஒரு சக்திதானே என்பது அவர் கணக்கு. அந்தக் காட்சியில் உங்களுக்கு எதுவுமே தோன்றவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை. தோன்றினால் இரண்டாம் சீசன் வரை போங்கள்.

ஃப்ரெண்ட்ஸ் எடுத்தவங்க எடுத்ததுன்னாங்க. ஏன் பின்னாடி சிரிப்புச் சத்தமே இல்ல?

ஃப்ரெண்ட்ஸ் என்ற பழைய நகைச்சுவைத் தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான மார்ட்டா காஃப்மன், ஹோவர்ட் ஜே. மாரிஸோடு சேர்ந்து இதை உருவாக்கினார். ஆனால் படமாக்கிய விதம் வேறு. ஃப்ரெண்ட்ஸ் ஸ்டுடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்து எடுத்தது, அவர்கள் சிரிப்பதற்காக நடிகர்கள் நின்று பேசுவார்கள். இதைச் சினிமா போல ஒற்றைக் கேமராவில், பார்வையாளர் இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ஒரு வசனம் சிரிப்பா வலியா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. முந்தைய பதிலில் சொன்ன தயக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு அந்த ஃபிராங்கிய சத்தியமா தாங்க முடியல. எப்பப் பாத்தாலும் ஓவரா பண்ணுது. நான் மட்டும்தான் இப்படியா?

இல்லை, ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அதே அளவு கூட்டம் 'கிரேஸ் மாதிரி ஒருத்தியோடு ஒருநாள் கூட இருக்க முடியாது' என்றும் சொல்கிறது. யாரை முதலில் பிடிக்கவில்லை என்பதை வைத்து ஒருவர் வீட்டில் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். ஒழுங்கு பார்க்கிறவர்களுக்கு ஃபிராங்கி எரிச்சல், மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர்களுக்கு கிரேஸ் எரிச்சல்.

இருவரையும் மாற்றிவிடாமல் விட்டிருப்பதுதான் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சேராத இருவர் சேரும் கதைகளில் வழக்கமாக என்ன நடக்கும்? கண்டிப்பானவர் இளகுவார், தான்தோன்றி பொறுப்பாவார், நடுவில் எங்கேயோ சந்திப்பார்கள். இங்கே ஏழாவது சீசனிலும் கிரேஸ் கிரேஸாகவே இருக்கிறார். ஃபிராங்கி பொருள்களைத் தொலைத்துக்கொண்டும், கேட்காமல் முடிவெடுத்துக்கொண்டும் இருக்கிறார். மற்றவரின் குறையைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை மட்டும் விரிந்துகொண்டே போகிறது. ஃபிராங்கி சுயநலமாக நடக்கும் இடங்கள் உண்டு, அதைத் தொடரே மறைக்கவில்லை. அவர் மீது உங்களுக்கு வரும் கோபம் கிரேஸுக்கும் வருகிறது, அதே இடத்தில் வருகிறது. அதைக் கவனித்துப் பார்த்தால் எரிச்சல் குறையாது, ஆனால் துணைக்கு ஆள் இருப்பது தெரியும்.

இருபது வருஷம் ஏமாத்தின புருஷங்கள இவ்வளவு சுலபமா மன்னிச்சுட்டாங்களே, இது நியாயமா?

சுலபமாக மன்னித்தார்கள் என்பதோடு எனக்கு உடன்பாடில்லை. கிரேஸும் ராபர்ட்டும் எடுத்தவுடன் நட்பாகிவிடவில்லை. அவர்கள் திருமணத்திலேயே அன்பு எப்போதோ வற்றிப்போயிருந்தது, அதனால் கிரேஸுக்கு இழப்பை விட அவமானம் பெரிது. ஃபிராங்கிக்கு நிலைமை நேர் எதிர். சால் அவருக்கு உயிர்த் தோழன். கணவனை இழந்ததை விட, எதையும் முதலில் போய்ச் சொல்லும் ஆளை இழந்ததுதான் அவரை உடைக்கிறது. ஒரே துரோகம் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக வலிப்பதை ஒரு நகைச்சுவைத் தொடர் இத்தனை கவனமாகப் பிரித்துக் காட்டுவது அபூர்வம்.

ஆனாலும் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கோபம் நியாயமானது. ராபர்ட்டாக நடித்த மார்ட்டின் ஷீனும் சாலாக நடித்த சாம் வாட்டர்ஸ்டனும் பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகங்கள். தங்கள் அடையாளத்தை மறைத்தே வாழ வேண்டியிருந்த ஒரு தலைமுறை ஆண்கள் என்ற பரிவும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பரிவு தேவைதான். ஆனால் காதலை மறைத்தது வேறு, மனைவிகளிடம் இருபது வருடம் பொய் சொன்னது வேறு. இரண்டாவதைத் தொடர் சில இடங்களில் முதலாவதுக்குள் மறைத்துவிடுகிறது. இந்த மனக்குறை எனக்கும் உண்டு.

பிள்ளைங்க நாலு பேரும் ஏன் இப்படி இருக்காங்க? அவங்க சீன் வந்தா தள்ளிவிட்றேன்.

பிரியானாவைத் தள்ளிவிடாதீர்கள். அம்மாவின் நிறுவனத்தை எடுத்து நடத்தும் கிரேஸின் மூத்த மகள், தொடரின் மிகக் கூர்மையான நாக்கு அவருடையது. ஜூன் டயான் ரஃபேல் பிரமாதமாகச் செய்திருக்கிறார். கிரேஸின் இளைய மகள் மல்லரி, ஃபிராங்கியின் மகன்கள் பட், கயோட்டி ஆகிய மூவருக்கும் எழுதப்பட்ட கிளைக்கதைகள் சில சீசன்களில் இடத்தை நிரப்பவே இருக்கின்றன. அவற்றை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் பெரிய நஷ்டமில்லை.

அம்மாவோட உக்காந்து பாக்கலாமா?

அம்மாவைப் பொறுத்தது. உடலுறவைப் பற்றிப் பச்சையாகப் பேசுவார்கள், கெட்ட வார்த்தை வரும், போதைப்பொருள் வரும். முதல் எபிசோடிலேயே பெயோட்டி என்ற போதைக் கள்ளியில் ஃபிராங்கி காய்ச்சி வைத்த பானத்தைக் கிரேஸ் தெரியாமல் குடித்துவிடுகிறார். மூன்றாம் சீசனில் இருவரும் வயதான பெண்களுக்கென்று வைப்ரேட்டர் தயாரிக்கும் தொழில் தொடங்குகிறார்கள். அது ஒரு எபிசோட் வேடிக்கை இல்லை, கதையின் முதுகெலும்பே அதுதான். நிர்வாணக் காட்சிகளை நம்பி ஓடும் தொடர் இல்லை, பேச்சுதான் எல்லாம். குழந்தைகளோடு வேண்டாம். அம்மாவோடு என்றால், முதலில் நீங்கள் ஒரு சீசன் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னிடம் கேட்டவர்களில் சிலர், அம்மா தங்களை விட அதிகமாகச் சிரித்ததாகத் திரும்பி வந்து சொல்லியிருக்கிறார்கள்.

இது வயசானவங்களுக்கான சீரியல். எனக்கு இருபத்தஞ்சுதான், எனக்கு என்ன இருக்கு இதுல?

தொடர் தொடங்கியபோது கிரேஸாக நடித்த ஜேன் ஃபோண்டாவுக்கு வயது 77, ஃபிராங்கியாக நடித்த லில்லி டாம்லினுக்கு 75. முடிந்தபோது 84, 82. கை நடுங்குவது, கீழே விழுந்தால் எழ முடியாமல் போவது, முகப்பூச்சைக் கலைத்தபின் கண்ணாடியைப் பார்ப்பது எல்லாம் வரும். ஆனால் முதுமையைப் பாவமாகவோ ஞானமாகவோ காட்டாமல், ஒரு நடைமுறைத் தொல்லையாகக் காட்டுகிறார்கள். மேலே சொன்ன வைப்ரேட்டர் தொழில் பிறப்பதே கிரேஸின் மணிக்கட்டு வலியிலிருந்துதான். இருக்கிற பொருள்கள் எதுவும் தங்களை நினைத்துச் செய்யப்படவில்லை என்ற கோபம், இருவரையும் முதல்முறையாக ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது.

இருபத்தைந்து வயதில் ஒத்துப்போகாத ஒருவரோடு அறையைப் பகிர்ந்திருப்பீர்கள். பாத்திரம் யார் கழுவுவது, சத்தம் யார் போடுவது என்ற சண்டைகள் இங்கேயும் அப்படியேதான் இருக்கின்றன.

பீச் வீடு, கார், பிசினஸ்... பணக்காரங்களோட கவலை நமக்கெதுக்கு?

நியாயமான விமர்சனம். இதற்கு எதிர்வாதம் செய்ய மாட்டேன். விவாகரத்தான எழுபது வயதுப் பெண் நிஜத்தில் முதலில் சந்திப்பது பணக்கவலைதான். அதைத் தொடர் பெரும்பாலும் ஒதுக்கிவைத்துவிட்டது. இருவரும் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது வயதைக் காரணம் காட்டி மறுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்தத் திசையில் இன்னும் போயிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

கிரேஸ் எப்பவும் மார்ட்டினி கையோடயே இருக்கே, அது குடிநோய் இல்லையா? அதப் போய் காமெடியாக்கிட்டாங்களே?

நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் கேட்பது. இதே தொடரில் ஃபிராங்கியின் மகன் கயோட்டி மறுவாழ்வு சிகிச்சை முடித்துத் திரும்பியவர். அவருடைய அடிமைத்தனத்தைப் பொறுப்போடு கையாளுகிறார்கள். சபலம் வருவதும், குடும்பம் நம்ப மறுப்பதும், தினசரி போராட்டமும் அதில் இருக்கின்றன. அதே வீட்டில் கிரேஸின் குடி பெரும்பாலும் சிரிப்புக்கான பொருளாகவே நின்றுவிடுகிறது. நேர்த்தியாக உடுத்திய பெண் கையில் அழகான கோப்பை இருந்தால் அது நோயாகத் தெரிவதில்லை போலும். தொடரின் பலவீனங்களில் கணவர்கள் விஷயத்துக்கு அடுத்ததாக இதைத்தான் வைப்பேன்.

நிஜத்துலயும் அவங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா?

ஆமாம், இந்தத் தொடருக்கு வெகுகாலம் முன்பிருந்தே. 1980-இல் வெளிவந்த நைன் டு ஃபைவ் படத்தில் பாடகி டாலி பார்ட்டனோடு சேர்ந்து இருவரும் நடித்தார்கள். அலுவலகத்தில் பெண்கள் படும் பாட்டைச் சொன்ன நகைச்சுவைப் படம் அது. திரையில் ஒருவரை ஒருவர் வெறுப்பதாக நடிக்கும்போதும் அடுத்தவர் எப்போது மூச்சுவிடுவார் என்று தெரிந்து காத்திருப்பதைப் பார்க்கலாம். முதல் சீசனில் எழுத்து தடுமாறும் இடங்களையும் அந்தப் பழக்கம்தான் தாங்கிப் பிடிக்கிறது.

எந்த சீசன் நல்லாருக்கும்? எங்க போரடிக்கும்?

என் கணக்கில் இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியும் மூன்று, நான்கு சீசன்களும் உச்சம். தொழில், உடல்நிலை, பிள்ளைகளின் தலையீடு மூன்றும் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும் காலம் அது. ஆறாம் சீசன் எனக்குச் சளைப்பு. கிரேஸைத் திருமணம் செய்துவைத்து, இருவரையும் வேறு வேறு வீட்டில் வைத்ததும் விறுவிறுப்பு போய்விட்டது. ஒரே அறையில் இருந்தால்தான் நகைச்சுவை பிறக்கும் என்று மூன்றாம் கேள்வியில் சொன்னது இங்கே தலைகீழாக நிரூபணமாகிறது.

(கதை வெளிப்படும்) பேப் சாகறதுக்கு பார்ட்டி வெக்கிற எபிசோட், சிரிப்புத் தொடர்ல அது தேவையா?

இரண்டாம் சீசனின் பன்னிரண்டாம் எபிசோட். இருவருக்கும் நெருங்கிய தோழி பேப். எஸ்டல் பார்சன்ஸ் நடித்திருக்கிறார். புற்றுநோய் திரும்பிவிட்டது, சிகிச்சை வேண்டாம், நண்பர்களையெல்லாம் கூட்டி ஒரு விருந்து வைத்துவிட்டுத் தன் கையால் முடித்துக்கொள்ளப் போகிறேன் என்கிறார். ஃபிராங்கி உதவ முன்வருகிறார். கிரேஸால் ஏற்க முடியவில்லை.

இதைப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் இரண்டு வகை. சிரிக்க வந்த இடத்தில் எதற்கு இது என்பவர்கள் ஒரு வகை. இப்படி ஒரு முடிவை இவ்வளவு அழகாகக் காட்டுவது ஆபத்து என்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது தரப்பின் கவலையை நான் மதிக்கிறேன், சொந்த வாழ்க்கையில் அந்த மாதிரி இழப்பைப் பார்த்தவர்கள் இந்த எபிசோடைத் தவிர்ப்பதே நல்லது. முதல் தரப்புக்குச் சொல்வது வேறு. இந்த எபிசோடில்தான் கிரேஸுக்கும் ஃபிராங்கிக்கும் உள்ள வேறுபாடு ரசனை வேறுபாடு இல்லை என்று தெரிகிறது. சாவைப் பற்றியே இருவரும் எதிரெதிராக நிற்கிறார்கள். விவாதத்தில் யாரும் ஜெயிக்கவில்லை, அதற்குப் பிறகும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். உடை, சாப்பாடு, சத்தம் என்று போய்க்கொண்டிருந்த சண்டைகளுக்கெல்லாம் அதன்பின் கனம் கூடிவிடுகிறது.

(கதை வெளிப்படும்) கடைசியில அவங்க ரெண்டு பேரும்தான் ஜோடின்னு காட்டியிருக்கணும். பயந்துட்டாங்களா?

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் இருக்க முடியவில்லை. ஃபிராங்கி தன் காதலர் ஜேக்கப்போடு சாண்டா ஃபேக்குப் போய், அங்கே இருக்க முடியாமல் திரும்பி வருகிறார். கிரேஸின் இரண்டாம் திருமணமும் தோழியோடு இருந்த வாழ்க்கைக்கு முன்னால் நிற்கவில்லை. காதல் கதை ஒன்றின் எல்லா அடையாளங்களும் இருக்கின்றன.

ஆனால் பயந்துவிட்டார்கள் என்பதை ஏற்க மாட்டேன். தொடரின் மறுபாதியே ஓர் ஆண் ஜோடியின் திருமணம்தான்; தயக்கம் இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். காதல் இல்லாமலேயே ஒரு நட்பு ஒருவருடைய வாழ்க்கையின் முதல் உறவாக இருக்க முடியும் என்பதைத்தான் 94 எபிசோடாகச் சொல்கிறார்கள். அதைக் காதல் என்று பெயர் மாற்றினால் நட்பு ஒரு படி கீழே என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படி நினைக்காத நண்பர்கள் எனக்கு உண்டு. இந்தக் கேள்வியில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

(கதை வெளிப்படும்) சொர்க்கம், தேவதை, டாலி பார்ட்டன்... என்ன முடிவு இது?

கடைசி எபிசோடில் இருவரும் இறந்து மேலுலகம் போகிறார்கள். அங்கே அலுவலக அதிகாரி மாதிரி ஒரு தேவதை, டாலி பார்ட்டன். நைன் டு ஃபைவ் தெரியாதவர்களுக்கு இது எங்கிருந்தோ வந்து விழுந்த காட்சியாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. தெரிந்தவர்களுக்கு, அந்த மூவர் நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு மேஜையைச் சுற்றி மறுபடி சேர்ந்த சந்தோஷம்.

பழைய நினைவை மறந்துவிட்டுப் பார்த்தாலும் இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. இப்படியொரு தொடருக்கு வேறு இரண்டு முடிவுகள்தான் எளிதில் கிடைத்திருக்கும். ஒருவர் இறந்து மற்றவர் தனியாக நிற்பது ஒன்று. எல்லோரும் மேஜையில் கூடிக் கோப்பை உயர்த்துவது இன்னொன்று. முதலாவது பார்ப்பவரை அழவைக்கச் சுலபமான வழி, இரண்டாவது பொய். இங்கே இருவரும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்பி வருகிறார்கள்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். கடைசி சீசனில் ராபர்ட்டின் ஞாபகம் கலையத் தொடங்குகிறது. சாலும் ராபர்ட்டும் அதை எதிர்கொள்ளும் காட்சிகள் மிக நன்றாக எழுதப்பட்டவை. சொர்க்கத்துக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சத்தை அந்த இருவருக்குக் கொடுத்திருக்கலாம். முன்பு அவர்கள் மீது கோபப்பட்டவர்கள்கூட அதைத்தான் கேட்டார்கள்.